ஒன்பது மில்லிமீட்டர்

அந்தப் பாலத்தில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதை அடைக்கச் சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுமான சைட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேச என்னைப் போன்ற பழைய இன்ஜினியர்கள் வந்தால், வழக்கமாகக் கட்டி முடித்ததைக் காட்டுவார்கள். நான் இடித்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். பூசி இரண்டு மாதம்கூட ஆகாததை, ஆகஸ்ட் வெயிலில், ஆய்வுக்கு வந்தவர் கண்ணெதிரே இடித்தேன்.

ஷார்ஜாவில், க்ரீக் என்று சொல்லும் கடற்கழியின் ஓரத்துப் பழைய குடியிருப்பு. ஒரு வேன் நுழைந்தால் நடப்பவர்கள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. இரண்டு பக்கமும் முத்து வியாபாரக் காலத்து வீடுகள், கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக் கல்லால் எழுப்பியவை. ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள் எதிரெதிரே குடியிருந்தன. வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வருவதற்காக மாடியிலிருந்து மாடிக்கு ஒரு பாலம் போட்டிருந்தார்கள். கூரை உண்டு, இரண்டு பக்கமும் சல்லடை போன்ற மரத் தடுப்பு உண்டு. கீழே நடப்பவனுக்கு மேலே போகிறவள் தெரியமாட்டாள். கொலுசு மட்டும் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அதைக் கட்டியவர்கள் கொத்தனார்கள் இல்லை. கப்பல் தச்சர்கள். தலையை நிமிர்த்தினால் போதும், கூரையின் வளைவில் கவிழ்த்துப் போட்ட தோணியின் வயிறு தெரியும். கிழக்கு முனையில் நான்கு தேக்கு உத்திரங்களையும் கயிற்றால் வரிந்து சுவருக்குள் இருந்த கண்டல் மரக் கழிகளோடு கட்டியிருந்தார்கள். மேற்கு முனையில் கட்டே இல்லை, ஆணிகூட இல்லை. நான்கு உத்திரங்களும் சுவரில் விட்ட குழிகளுக்குள் நுழைந்து, ஆளுக்கொரு தேக்குக் கட்டையின் மேல் சும்மா படுத்திருந்தன. குழிக்குள் உத்திர நுனிக்கு முன்னால் வெறும் காற்று. நடைபலகைக்கும் வாசல்படிக்கும் நடுவே அந்த இரண்டு விரல். அதை மறைக்க ஓர் ஈச்ச ஓலைப் பாய்.

ஒரு பக்கம் கட்டிப் போட்டு, மறுபக்கம் அவிழ்த்து விட்ட பாலம். நூறு வருடமாக நிற்கிறது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பழுது பார்த்து ஒப்படைக்க வேண்டிய வேலை எங்களுடையது. ஆலோசனை நிறுவனத்து ஆய்வாளர் ஒரு சிரியாக்காரர். சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனா. அவர் கொடுத்த குறைப் பட்டியலின் பதினேழாவது வரி: மேற்கு முனையில் இடைவெளி, அடைக்கவும். பதினாறை முடித்தவனுக்குப் பதினேழு வெறும் பதினேழுதான். கொத்தனார் ஆறுமுகத்தைக் கூப்பிட்டேன். புதுக்கோட்டைக்காரர், என் வயது, கலவையைக் கண்ணால் பார்த்தே பதம் சொல்கிறவர்.

"அடைக்கிறதுன்னா எப்படி சார், மேலாப்புலயா, உள்ள வரைக்குமா?"

"உள்ள வரைக்கும். குழி நிறைய."

"நிறைச்சுட்டாப் போச்சு. பல்லுக்குச் சிமெண்ட் வச்ச மாதிரி நிக்கும் பாருங்க."

அப்படியே நின்றது. அவ்வளவு அழகான வேலை. நான்தான் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

இனி வதனி. எங்கள் ஆபீஸில் வரைபடம் போடும் யாழ்ப்பாணத்துப் பெண். மெல்லிய குரல், கூரிய பென்சில். பழுது தொடங்குமுன் பாலத்தை அளந்தவள் அவள்தான். சுவரிலிருந்து சுவருக்கு மூன்று மீட்டர் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். வேலை முடிந்ததும் ஒப்படைப்புக் கோப்புக்காக மறுபடி அளக்கப் போனாள். தாளோடு என் மேசைக்கு வந்தாள்.

"சேர், மூண்டு மீற்றர் முப்பத்திமூண்டு எண்டு வருது."

"முன்ன நாற்பத்திரண்டுதானே?"

"ஓம். ஒன்பது குறையுது."

"கட்டடம் சுருங்குமா வதனி? வெயில்ல துணிதான் சுருங்கும்."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நான் மூண்டு தரம் அளந்தனான் சேர். பிழை எண்டு சொல்லாதேங்கோ."

நான் அவளிடம் பிழை என்று சொல்லவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். ஒரே பாலத்துக்கு ஒரே கோப்பில் இரண்டு அளவு இருந்தால் ஆய்வாளரின் சிவப்புப் பேனா திறக்கும், ஒப்படைப்பு தள்ளிப்போகும். முப்பத்திமூன்றை அடித்துவிட்டு அதன் மேல் நாற்பத்திரண்டு என்று என் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். "பழைய அளவையே போடுங்க, ரெண்டும் ஒத்துப்போகும்." அவள் தாளை எடுத்துக்கொண்டு போனாள்.

சவூதியில், ஜுபைலில் என்னோடு வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன், அழுத்தமானியின் முள் தனக்குப் பிடிக்காத எண்ணில் நின்றால் கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். முள் மனமிரங்கி நகர்ந்ததும் எழுதிக்கொள்வான். நாங்கள் அவனைக் கேலி செய்வோம். அவன் தட்டியது கண்ணாடியை. நான் ஓர் ஆளைத் தட்டியிருக்கிறேன்.

ஒப்படைப்பு நாள் வந்தது. ஆய்வாளர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்குச் சந்தில் நுழைந்தேன். காற்று ஈரத்துணிபோல் முகத்தில் ஒட்டியது. சந்தின் முனையில் புதுக் கட்டடத்துக்குப் பள்ளம் வெட்டி, ஊறும் நீரை இறைக்கும் பம்புகள் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சல் பழகி, காதில் விழாமலே போயிருந்தது. பாலத்துக்கு நேர் கீழே, கிழக்கு வீட்டின் தரைத்தளத்தில், கீழக்கரை காதர் பாயின் கடை. லுங்கி, தொப்பி, தைலம். வாசலில் டீ கிளாஸோடு நின்றார்.

"இன்ஜினியர் தம்பி, ஒங்க பாலம் என் டீயில சுண்ணாம்பு போடுதே. வெத்தலைக்குன்னா சரி, டீக்கு எதுக்கு வாப்பா?"

சிரித்துக்கொண்டே கிளாஸை வாங்கிப் பார்த்தேன். டீயின் மேல் வெள்ளைத் துகள் மிதந்தது.

"ஷட்டர் வேற பாதியில சிக்கிக்கிச்சு. நேத்து அஸர் தொழுகை வரைக்கும் ஒத்த வெரலால தூக்குனேன்."

சிரிப்பு நின்றது. ஷட்டர் தானாகச் சிக்காது. அதைப் பிடித்திருக்கும் சட்டம் கோணினால்தான் சிக்கும். சட்டத்தைப் பிடித்திருப்பது சுவர். தலையை நிமிர்த்தினேன். கிழக்கு உத்திரங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தில், குழியின் மூலையிலிருந்து கீழ்நோக்கி ஒரு விரிசல். மயிர்க் கோடுதான். ஆனால் அதன் விளிம்பு பால்போல் வெள்ளையாக இருந்தது. பழைய விரிசலுக்குள் அழுக்கு இருக்கும். இது இன்று காலை பிறந்தது.

பின்னால் காலடிச் சத்தம். ஒப்படைப்புக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வதனி வந்திருந்தாள். அவளும் மேலேதான் பார்த்தாள்.

"சேர், ஒண்டு சொல்லட்டே? நான் பிறகும் ஒவ்வொரு கிழமையும் வந்து அளந்தனான். சாப்பாட்டு நேரத்திலை. உங்களிட்டைச் சொல்லேல்லை."

"எவ்வளவு?"

"அதே முப்பத்திமூண்டு. இடைவெளியை அடைக்கும் வரைக்கும் ஒன்பது குறைஞ்சது. அடைச்ச பிறகு அசையேல்லை. அப்படியே நிண்டிட்டுது." குரல் இறங்கியது. "நிண்டதுதான் சேர் எனக்குப் பயம்."

அப்போதுதான் புரிந்தது. பம்புகள் நீரை இறைக்க இறைக்க மண் இறுகி, மேற்கு வீட்டின் சந்துப் பக்கத்துக் கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. வீடு சந்தை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்த இரண்டு விரல் இருந்தவரை வீடு சாயும், உத்திரம் குழிக்குள் வழுக்கும், யாருக்கும் வலிக்காது. குழியை நான் நிரப்பிவிட்டேன். இப்போது அந்த வீடு சாய்கிற சாய்வெல்லாம் நான்கு உத்திரங்கள் வழியே எதிர்ச் சுவரைக் குத்திக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு மனிதர் லுங்கி விற்கிறார்.

"பாய், கடையை விட்டு வெளிய வாங்க."

"பூட்டிட்டு வரவா? ஷட்டரே எறங்கலயே, எதைப் பூட்ட?"

"பூட்ட வேணாம். வாங்க, போதும்."

"சரக்கு?"

"சரக்கு இருக்கட்டும். நீங்க வாங்க பாய்."

என் முகத்தில் எதைப் பார்த்தாரோ. டீ கிளாஸை மட்டும் என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு நடந்தார். சந்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டச் சொன்னேன். கயிற்றுக்கு அப்பால் கூட்டம் சேர்ந்தது. "க்யா ஹுவா பாய், ராஸ்தா கோலோ" என்று ஒரு சைக்கிள்காரன் வழி விடச் சொல்லி இந்தியில் கத்தினான்.

மேனேஜருக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் இருந்தது, அணைக்கத் தோன்றவில்லை. சுருக்கமாகச் சொன்னேன். அவரும் நம் ஊர்க்காரர்தான், கோயம்புத்தூர்.

"ஏப்பா, பதினொண்ணுக்கு ஆள் வர்றான், இப்பப் போய் இடிக்கறேங்கற? ஹேண்டிங் ஓவர் முடியட்டும். பொறவு ஓனரோட ரிப்பேரா அதப் பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் சுவர் நிக்குமான்னு தெரியல சார்."

"சரி, இடிச்சே தீரணும்னா ஒண்ணு பண்ணு. அளவெடுத்தது அந்தச் சிலோன் பொண்ணுதானே? டிராயிங் மிஸ்டேக்னு ஒரு லெட்டர் கொடுத்துரு. உனக்கும் பிரச்சனையில்ல, எனக்கும் இல்ல."

வதனி என்னைப் பார்க்கவில்லை. விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த லெட்டர் போனால் அவள் விசாவும் போகும். அவள் சம்பளத்தில் ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். "பார்க்கிறேன் சார்" என்று சொல்லி வைத்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன், அந்த நொடியில் உண்மையாகவே பார்க்கிறேன் என்றுதான் நினைத்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் சுவர் காத்திருக்காது. முதலில் முட்டு. பாலத்தின் கீழே இரும்பு ஜாக்கிகளை நிறுத்தினால், சுவர் போனாலும் பாலம் தலையில் விழாது. நிறுத்த வேண்டுமானால் ஆள் கீழே போக வேண்டும். சொல்லிவிட்டுக் கயிற்றுக்கு வெளியே நிற்க என்னால் முடியவில்லை. இரண்டு பேரோடு நானும் போனேன். ஆறு ஜாக்கி. திருகும்போது மேலிருந்து தூள் கழுத்தில் விழுந்து வியர்வையில் கரைந்தது. வெளியே வந்ததும் ஒருவன் சந்து மூலையில் உட்கார்ந்து தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

அடுத்து மேற்கு வீட்டு மாடி. வாசல்படிப் பலகையைக் கழற்றினால் நான்கு குழிகளையும் மேலிருந்தே எட்டலாம். ஆறுமுகம் பிரேக்கர் மெஷினோடு வந்தார்.

"அஞ்சு நிமிஷத்துல அள்ளிருவேன் சார்."

"மெஷின் வேணாம். அதிரும். உளிதான்."

"உளியா? நான் வச்ச கலவையை உளியில எடுக்க நாளாகும்!"

"நல்லா வச்சிட்டீங்க ஆறுமுகம், என்ன செய்ய."

அவர் குப்புறப் படுத்து முதல் குழியில் உளியை வைத்தார். உள்ளங்கை ஆழம் போனதும் நிறுத்தச் சொன்னேன். "அடுத்த குழிக்குப் போங்க."

"ஏன் சார், இதையே முடிச்சிட்டு..."

"ஒண்ணை முழுசா விட்டா அதோட பாரம் மத்த மூணு மேல ஏறும். மூணு ரெண்டாகும், ரெண்டு ஒண்ணாகும். கடைசி ஒண்ணு சுவத்தைப் பிச்சிட்டுப் போயிரும். எல்லாத்துலயும் சமமா எடுங்க. சுத்திச் சுத்தி வாங்க."

இது எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நாலு பேர் தூக்கும் பாரத்தில் ஒருவன் சட்டென்று கையை விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியுமே, அதுதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மறுபடி ஒன்று. வதனி வாசலில் மண்டியிட்டு, அளக்கும் கருவியின் சிவப்புப் புள்ளியை எதிர்ச் சுவரில் நிறுத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணைச் சொன்னாள்.

"முப்பத்திமூண்டு."

உளிச் சத்தம்.

"முப்பத்திமூண்டு."

மூன்றாம் சுற்றில் ஆறுமுகம் நிறுத்தினார். "சார், இங்க பாருங்க." உத்திரத்தின் அடியில் இருந்த தேக்குக் கட்டையின் மேல், கலவையைப் பெயர்த்த இடத்தில், கண்ணாடிபோல் வழுவழுத்த ஒரு தடம். ஒரு சாண் நீளம். நூறு வருடம் உத்திரம் முன்னும் பின்னும் நகர்ந்து தேய்த்த தடம். விரலை வைத்தேன். மீனெண்ணெய் வாடை இன்னும் இருந்தது. வழுக்கட்டும் என்று எண்ணெய் தடவி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கரையும் படகும் ஒரே மாதிரி அசையாது என்று தெரிந்தவர்கள் கட்டிய பாலம். நான் அதைக் கரையோடு சேர்த்துப் பூசியிருக்கிறேன்.

ஆறுமுகம் தலையை நிமிர்த்தவில்லை. "எவ்வளவு நல்லா இருக்குன்னு நெனச்சு வச்சேன் சார்" என்றார் மெதுவாக. பிறகு வேகமாகச் செதுக்கத் தொடங்கினார். மெதுவா, மெதுவா என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கீழே குரல்கள். பதினொன்றாகியிருந்தது. ஆய்வாளர் மாடியேறி வந்தார், இஸ்திரி போட்ட சட்டை, பையில் சிவப்புப் பேனா. ஒப்படைக்க வேண்டிய பாலத்தை இடித்துக்கொண்டிருக்கும் எங்களைப் பார்த்தார். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோப்பைத் திறந்து அளவைத் தேடினார். நாற்பத்திரண்டு. வதனியின் கருவியைக் குனிந்து பார்த்தார். முப்பத்திமூன்று.

இந்த வரைபடத்தைப் போட்டது யார் என்றார்.

வதனி எழுந்து நின்றாள்.

எனக்கு முன்னால் மூன்று கதவுகள் திறந்திருந்தன. அவள் பிழை எனலாம். பம்ப் வைத்தவன் பிழை எனலாம். பதினேழாவது வரியை எழுதியது நீங்கள்தானே எனலாம். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் ஆபத்து. ஆனால் உளிச் சத்தத்துக்கு நடுவே நின்று பொய்யான எண் ஒன்றைச் சொல்ல அன்று என்னால் முடியவில்லை. உண்மையான எண்ணை நம்பித்தான் ஆறுமுகம் அங்கே குப்புறப் படுத்திருந்தார்.

"வரைந்தது அவர். சரியாக அளந்ததும் அவர். அளவை மாற்றியது நான். அதில் என் கையெழுத்து இருக்கிறது."

அவர் பேசுமுன் ஒரு சத்தம் கேட்டது. மணலில் படகு அடி உரசுமே, அந்த மாதிரி. நீளமாக, ஆழத்திலிருந்து. நான்கு உத்திரங்களும் ஒன்றாக முனகின. கூரையிலிருந்து தூள் கொட்டியது. ஆறுமுகம் கையை உருவிக்கொண்டு பின்னால் புரண்டார். கீழே யாரோ "யா அல்லாஹ்" என்றார்கள். வதனி மறுபடி மண்டியிட்டிருந்தாள். சிவப்புப் புள்ளியை எதிர்ச் சுவரில் பிடித்தாள்.

"முப்பத்திரண்டு" என்றாள். "முப்பத்தொண்டு. குறையுது சேர்... குறையுது!"

எந்த எண் குறையக் கூடாது என்று நான் அடித்து எழுதினேனோ, அது குறையக் குறைய எனக்கு மூச்சு வந்தது. முப்பது. இருபத்தொன்பது. நின்றது. ஐந்து நிமிடம் காத்திருந்தோம். இருபத்தொன்பதுதான். எதிர்ச் சுவர் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. உத்திர நுனிகளுக்கு முன்னால் மறுபடி காற்று.

ஆய்வாளர் முதலில் பள்ளக்காரர்களை போனில் பிடித்தார். அரபியில் உரக்கப் பேசினார். "கலாஸ், கலாஸ்", போதும் நிறுத்து, என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. சற்று நேரத்தில் பம்புகள் நின்றன. அவை நின்ற பிறகுதான் மூன்று மாதமாக எவ்வளவு சத்தத்துக்குள் இருந்தோம் என்று தெரிந்தது. பிறகு தன் பட்டியலை எடுத்து, பதினேழாவது வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

கீழே இறங்கினேன். காதர் பாய் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டிருந்தார். ஷட்டரின் அடியில் ஒரு விரலை வைத்துத் தூக்கினார். கடகடவென்று மேலே போனது.

"பாத்தியளா," என்றார் கூட்டத்தைப் பார்த்து, ஏதோ அவரே பழுது பார்த்தவர்போல. பிறகு என் பக்கம் திரும்பினார். "இனிமே என் டீயில கை வைக்காதீங்க தம்பி."

அந்த வாரமே என்னை துபாய்ப் பக்கம் ஜெபல் அலியில் கிடங்கு கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். நான்கு சுவர், ஒரு தகரக் கூரை. அது தண்டனை என்று மேனேஜர் நினைத்தார், சரிதான். போகுமுன் வதனி புது வரைபடத்தோடு வந்தாள். இடைவெளியை வரைந்திருந்தாள், ஓலைப் பாயைக்கூட. அளவு எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இதிலை என்ன அளவு போட சேர்?"

"நீங்க அளந்ததை."

"அது நேற்று அளந்தது. நாளைக்கு மாறுமே."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த ஒற்றை எண்ணுக்கான இடத்தில் ஒரு சிறு கட்டம் வரைந்தாள். தேதி, அளவு, அளந்தவர் பெயர். தான் அளந்தவற்றை வரிசையாக எழுதினாள். நாற்பத்திரண்டு, முப்பத்திமூன்று, மறுபடி மறுபடி முப்பத்திமூன்று, கடைசியாக இருபத்தொன்பது. ஒன்றையும் விடவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லி என் பக்கம் நீட்டினாள். போட்டேன். வாங்கி, கீழே இன்னும் பத்துப் பன்னிரண்டு வரி கோடு போட்டு, எதுவும் எழுதாமல் விட்டாள்.

அந்த வரைபடம் இன்னும் கோப்பில் இருக்கும். உங்களில் யாராவது அந்தச் சந்துக்கு வேலைக்குப் போகக்கூடும். ஓலைப் பாயை விலக்கி, அளந்து, வருகிற எண்ணை எழுதுங்கள். இடம் விட்டு வைத்திருக்கிறாள்.